மற்றவை

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே, பேக்கரியின் மாடியில்
எங்கள் அலுவலகம்.
காலை ஏழரைக்கு வர்க்கி வேகும் வாசனை படியேறும்,
அதன் பின்னால் நான்.

பயிற்சியாளர். சம்பளம் கிடையாது,
சாப்பாட்டுக்கு நாளுக்கு எண்பது ரூபாய்,
ஆறு மாதம் முடித்தால் ஒரு சான்றிதழ்.
ஏழு செவிலியர், நாற்பத்தோரு வீடு.
யாரை எங்கே எப்போது அனுப்புவது என்பது என் வேலை.
வருகிறார்கள் என்று முன்கூட்டி போன் செய்வதும்.
நோயாளி ஒருவரையும் பார்த்ததில்லை,
கட்டங்களைப் பார்த்திருக்கிறேன்:
பச்சை என்றால் போய் வந்தாயிற்று,
மஞ்சள் என்றால் வழியில்,
சிவப்பு என்றால் கரடி, அல்லது மண்சரிவு,
பெரும்பாலும் சிக்னல் இல்லை.

கணினிக்குத் தெரு வேண்டும், கதவு எண் வேண்டும்.
ஜெபக்கனி சிஸ்டர் சொல்வதோ இப்படி:
"மூணாவது வளைவுல எறங்கு,
கற்பூர மரத்துல நீல டயர் தொங்கும்,
அதுக்குக் கீழ லயத்துல, நாய் இல்லாத வீடு."
தெரு என்ற இடத்தில் நான் அதையே அடித்தேன்:
நாய் இல்லாத வீடு.
ரெஹானா மேடம் அழிக்கச் சொன்னார்.
அழித்தேன்.
மறுவாரம் புதிய செவிலியர் ஒருத்தி
பனிக்குள் இரண்டு மணி நேரம் சுற்றித் திரும்பியதும்
மறுபடி அடிக்கச் சொன்னார்.

அந்த வீட்டில் தங்கவடிவேலு, நாற்பத்தேழு வயது.
கிளை கழிக்க ஏறி, சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தவர்.
கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.
செவ்வாய், வியாழன், மதியம் இரண்டு மணி:
குழாய் மாற்ற, முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போட.
அவர் முகம் என்னிடம் இல்லை,
புண்ணின் ஆழம் இருந்தது, சென்டிமீட்டரில்.
2.1. 1.8. மறுபடி 1.8. பிறகு 1.4.
கோடு இறங்குவதைப் பார்த்து
கீழே போய் எனக்கு நானே
ஒரு வர்க்கி வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஐப்பசி.
எட்டு நாள் மழை.
சளி என்று வந்தது,
குன்னூர் ஆஸ்பத்திரி என்று வந்தது,
அப்புறம் செய்தி எதுவும் வரவில்லை.
பதிவை மூடிவிடு என்றார் மேடம்.

மூட ஒரு காரணம் கேட்டது கணினி:
குணமடைந்தார்
இடம் மாறினார்
கட்டணம் நிலுவை
மற்றவை.

இரண்டாவதன் மேல்
அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது.

கட்டிலையும் காற்று மெத்தையையும் எடுத்துவர ஆள் போதவில்லை,
என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.
போஜன் அண்ணன் ஓட்டினார்.
மூன்றாவது வளைவு. நீல டயர். சரிதான்.
படி இறங்கினால்
ஒரு நாய்.
குட்டி. வயிறு மட்டும் பெரிதாக.

"மழையில வந்து ஒதுங்குச்சு," என்றார் அவர் மனைவி புவனலோசனி.
"அவருக்கு நாய்னா பயம்.
கிட்ட வந்தா வெரட்டக் கை இல்லியே.
இப்ப இருந்துட்டுப் போவட்டும்."
மெத்தையைத் துடைத்துச் சுருட்டி வைத்திருந்தார்,
டெட்டால் வாசனையோடு.
கையெழுத்துக்கு ரசீதை நீட்டி
இங்கே போடுங்க என்றேன்.
நிமிர்ந்தார்.
"போன்ல பேசுறது நீதானா?
உன் போன் வந்தா
தலை சீவிவிடச் சொல்லுவாரு."

ஜீப்பில் கட்டிலின் சக்கரம் ஒவ்வொரு வளைவிலும் உருண்டு
என் காலில் இடித்தது.
போஜன் அண்ணன் வானொலியைப் போடவில்லை.

முகவரியைத் திருத்தப் பார்த்தேன்.
மூடிய பதிவைத் திருத்த முடியாதாம்.

வியாழன் இரண்டு மணிக்கு இப்போது வேறு பெயர்,
அரவேணு பக்கம், சர்க்கரைப் புண், இடது கால்.
போன் செய்தேன்.
கதவு எண் சொன்னார்கள், தெருவும் சொன்னார்கள்.
எழுதிக்கொண்டேன்.
வைக்கப்போகும் நேரத்தில் கேட்டேன்:
வீட்டில் நாய் இருக்கா?